காஸாவில் உறைந்த டீசல்... நகர மறுத்த கார்!

டீசல் உறையுமா? சென்னை வெயிலில் வளர்ந்த எனக்கு, இமாச்சலப் பிரதேசத்தின் காஸாவுக்குப் போகும்வரை இந்தக் கேள்வியே வந்ததில்லை.

ஜனவரி மாதம். ஏறக்குறைய 12,000 அடி உயரம். இரவில் மைனஸ் 20 டிகிரி. உடன் வந்த தோழிக்கு விடிய விடியத் தலைவலி, வாந்தி. உயரம் ஒத்துக்கொள்ளாவிட்டால் கீழே இறங்குவதுதான் சரியான மருந்து. ஆனால், காலையில் கார் முக்கி முனகி அடங்கிவிட்டது.

``டீசல் எங்கே போட்டீங்க?'' - விடுதிக்காரர் கேட்ட முதல் கேள்வி இதுதான். ``சண்டிகரில்'' என்றார் டிரைவர்.

டீசலில் இயற்கையாகவே மெழுகு உண்டு. மார்கழியில் நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் கட்டிக்கொள்வதுபோல, கடுங்குளிரில் அந்த மெழுகு உறைந்து ஃபில்டரை அடைத்துவிடும். இன்ஜினுக்கு டீசல் போகாது. சாவியைத் திருகிக்கொண்டே இருந்தால் பேட்டரியும் காலி!

சிலர் டேங்குக்கு அடியில் நெருப்பு மூட்டுவார்களாம். விபரீத விளையாட்டு அது. விடுதிக்காரர் வெந்நீரில் நனைத்த துணியை ஃபில்டரில் சுற்றிச் சுற்றி எடுத்தார். வெயிலும் ஏறியது. 11 மணிக்கு இன்ஜின் உறுமியபோது, தோழி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். இறங்க இறங்க அவள் முகம் தெளிந்தது.

இதற்காகவே 2019 நவம்பரில், மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத குளிர்கால டீசலை லடாக்கில் அறிமுகப்படுத்தியது இந்தியன் ஆயில். பனிமலைக்குப் போகிறவர்கள் கீழேயே டேங்கை நிரப்பிக்கொள்ளாமல், மலையில் விற்கும் குளிர்கால டீசலுக்கு இடம் வையுங்கள். ஸ்வெட்டர், மாத்திரைப் பட்டியலில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்!