நகரும் படி

குற்றாலத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் பேரருவியைப் பார்க்கிறார்கள். அதன் பாதி வழியில் இருக்கும் பொங்குமாங்கடலை நின்று கவனிக்கிறவர்கள் குறைவு. மலையுச்சியிலிருந்து வரும் தண்ணீர் நேராக நம் தலையில் விழுவதில்லை. நடுவில் பாறையில் ஒரு பெரும் பள்ளம் இருக்கிறது. அதில் விழுந்து, கொந்தளித்து, வேகம் தணிந்து, பிறகு வழிந்துதான் கீழே இறங்குகிறது. அந்தப் பள்ளத்துக்குத்தான் பொங்குமாங்கடல் என்று பெயர். அது இல்லாவிட்டால் அந்த அருவியில் குளிக்க எந்தத் தலையாலும் முடியாது.

தென்காசியிலிருந்து என்னை முதன்முதலில் அருவிக்கு அழைத்துப் போனவள் என் அம்மா. எனக்கு ஆறு வயது. அந்த வயதுப் பையன்களைப் பெண்கள் குளிக்கிற பக்கத்தில் அனுமதிப்பார்கள். அருவியின் இரைச்சலைக் கேட்டதுமே நான் அலறிவிட்டேன். அம்மா அதட்டவில்லை, இழுக்கவும் இல்லை. "அண்ணாந்து பாக்காதலே. என் கையைப் பாரு" என்றாள். முதலில் ஓரத்துத் தூறலில் என் விரல்களை நீட்டச் சொன்னாள். பிறகு தோளை நனைத்தாள். பிறகு முதுகு. தலை கடைசியில்தான். அன்று அவளும் சரியாகக் குளித்திருக்க மாட்டாள். என் கையைப் பிடித்த கை பிடித்தபடியே இருந்தது.

எஸ்கலேட்டரைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் எதற்காக அருவிக் கதை சொல்கிறேன் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது; சற்றுப் பொறுங்கள்.

இந்த நகரும் படி முதலில் ஒரு விளையாட்டுப் பொருளாகத்தான் பிறந்தது. 1896-ல் நியூயார்க்கை அடுத்த கோனி தீவில், ஜெஸ்ஸி ரீனோ என்பவர் சாய்வாக நகரும் பட்டை ஒன்றை அமைத்தார். ஜனங்கள் ராட்டினத்தில் ஏறுவது போல் அதில் ஏறி மகிழ்ந்தார்கள். 1898-ல் லண்டன் ஹாரட்ஸ் கடையில் ஒன்று வந்தது. அதில் மேலே போய்ச் சேர்ந்தவர்களுக்குப் படபடப்புத் தணியப் பிராந்தி கொடுத்தார்களாம்! 1900-ல் பாரிஸ் பொருட்காட்சியில் நகரும் நடைபாதையே அமைத்தார்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. இரண்டு பாதைகள் அடுத்தடுத்து ஓடின. ஒன்று மெதுவாக, மற்றொன்று வேகமாக. நிலத்திலிருந்து மெதுவான பாதையில் கால் வைத்து, உடம்பு பழகிய பின் வேகமான பாதைக்கு மாறிக்கொள்ளலாம். பிடித்துக்கொள்ளக் கம்பங்களும் இருந்தன. அந்தப் பாதையை அமைத்தவர்கள் பொங்குமாங்கடலைப் பார்த்தவர்கள் அல்ல. ஆனால் அதன் நியாயம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்றைய எஸ்கலேட்டரில் அந்த இடைநிலை இல்லை. ஒவ்வொரு படிக்கும் அடியில் சக்கரங்கள்; முடிவில்லாத சங்கிலி ஒன்று அவற்றை இழுத்துக்கொண்டே இருக்கிறது. தொடக்கத்தில் தட்டையாக வரும் தகடுகள் இரண்டு எட்டு தூரத்துக்குள் படிகளாகப் பிரிந்துவிடுகின்றன. வேகம் பெரிதல்ல, விநாடிக்கு அரை மீட்டர் அளவுதான். ஆனால் அந்த அரை மீட்டர் யாருக்காகவும் நிற்காது. சாதாரணப் படிக்கட்டு நமக்காகக் காத்திருக்கும். இதற்கு நாம்தான் தயாராக இருக்க வேண்டும்.

சென்னையில் 2015-ல் மெட்ரோ ரயில் வந்தது; 2017-ல் பூமிக்கு அடியிலும் ஓடத் தொடங்கியது. அதன் பிறகு நகரும் படி எங்களுக்கு அன்றாடப் பழக்கமாகிவிட்டது. கையில் செய்தித்தாளோ செல்பேசியோ இருக்க, கால் தானாகவே படியில் போய் நிற்கும்.

இரண்டு வருஷங்களுக்கு முன், கண்ணைக் காட்டுவதற்காக அம்மா தென்காசியிலிருந்து வந்திருந்தாள். எழுபதை நெருங்குகிற வயது. இரண்டு கண்ணிலும் புரை. ஆஸ்பத்திரிக்குப் போகச் சுரங்க ரயில் நிலையம் ஒன்றில் நுழைந்தோம். கீழே இறங்கும் படியருகே வந்ததும் அம்மா நின்றுவிட்டாள்.

"வாம்மா, ஒண்ணும் செய்யாது."

"இருலே. காலை எங்க வைக்கணும்னு பாக்கேன்."

பின்னால் நாலைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒருவர் தொண்டையைக் கனைத்தார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. திரும்பி அவர்களைப் பார்த்துச் சிரித்து, "ஊர்லேருந்து வந்திருக்காங்க" என்றேன். ஒரு கையில் பை, மற்றொரு கையில் செல்பேசி. எப்படி ஏறுவது என்று காட்டுகிற எண்ணத்தில் நானே முதலில் கால் வைத்தேன்.

படி என்னைக் கொண்டு போய்விட்டது. திரும்பிப் பார்த்தேன். அம்மா மேலேயே நின்றாள். இறங்க இறங்க, சாய்வான கூரை முதலில் அவள் முகத்தை மறைத்தது. பிறகு தோளை மறைத்தது. கடைசியில் ஒரு சேலைக் கரையும் இரண்டு பாதங்களும் மட்டும் தெரிந்தன. அப்புறம் அவையும் இல்லை.

கீழே போனதும் பக்கத்தில் மேலே ஏறும் படிக்கு ஓடினேன். பாதி வழி ஏறியிருப்பேன். எதிரே அம்மா இறங்கி வருகிறாள்! நிலையத்தைச் சுத்தம் செய்யும் நீலச் சீருடைப் பெண் ஒருத்தி அவள் கையைப் பிடித்திருந்தாள். நான் மேலே போகிறேன், அம்மா கீழே போகிறாள். இருவராலும் நிற்க முடியாது. கையை நீட்டினால் தொட்டுவிடுகிற தூரத்தில் ஒருவரையொருவர் கடந்து போனோம். அம்மா என் பக்கம் திரும்பவில்லை. அவள் பார்வை முழுவதும் காலடியில் இருந்தது.

நான் மேலே போய், மறுபடி இறங்கி வந்து சேர்ந்தபோது அந்தப் பெண் வேலைக்குத் திரும்பியிருந்தாள். பெயரைக்கூடக் கேட்க முடியவில்லை.

"நல்ல பிள்ளை. மஞ்சக் கோடு தெரியுதாம்மான்னு கேட்டா. புகையாட்டம் தெரியுதுன்னேன். சரி, நான் சொல்லும்போது வைங்கன்னா. வச்சேன்" என்றாள் அம்மா. அருவியில் என்னை நனைத்த கதையை யாரோ திருப்பிச் சொல்வது போல் இருந்தது.

ரயிலில் உட்கார்ந்த பிறகு, வெகு நேரம் கழித்து, "ஊர்லருந்து வந்தவன்னு அவங்ககிட்ட சொன்னியே ஐயா, கண்ணு மங்கல்னு சொல்லியிருந்தா என்ன?" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன்.

அம்மாவுக்குப் பயம் இல்லை; விளிம்புதான் தெரியவில்லை. அந்தக் கண்ணுக்காகத்தான் அவளை ஊரிலிருந்து வரவழைத்திருந்தேன். அதையே மறந்து, பட்டிக்காட்டுப் பயம் என்று நினைத்துவிட்டேன்.

இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது. இந்த வருஷச் சாரலுக்குத் தென்காசி போயிருந்தேன். கோபுர வாசலில் காற்று வழக்கம்போல ஆளைத் தள்ளியது. மறுநாள் குற்றாலம். அம்மா பெண்கள் பக்கம் போனாள், நான் ஆண்கள் பக்கம். குளித்துவிட்டு வந்தவளின் தலைமயிர் முக்கால்வாசி காய்ந்தே இருந்தது.

"என்னம்மா, தலை நனையலியே?"

"மதுரைக்காரப் பிள்ளை ஒண்ணு அழுதுட்டு நின்னுது. அதை நனைக்கவே நேரம் சரியாப் போச்சு" என்றாள்.

சென்னைக்குத் திரும்பியதும் தோளில் மாட்டிக்கொள்கிற மாதிரி ஒரு பை வாங்கினேன். நகரும் படியருகே வந்ததும் செல்பேசியை அதற்குள் போட்டுவிடுகிறேன். ஒரு கையாவது காலியாக இருக்க வேண்டுமல்லவா?