சோர் பஜாரில் ஜோடிப் பொருத்தம்

பழைய ஸ்டீரியோ தேடி மும்பையின் மட்டன் தெருவுக்கு வருகிறவர்களில் பலர் கண்ணால் பார்த்து வாங்கிக் காதால் வருந்துகிறார்கள். வீட்டு ஸ்பீக்கரின் ஜாதகத்தோடு வருகிறவர்கள்தான் தப்பிக்கிறார்கள்.

காலை பதினொன்றரை மணி. மட்டன் தெருவில் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறுகின்றன. கப்பல் விளக்குகள், கிராமபோன் குழாய்கள், பழைய சினிமா போஸ்டர்கள், கால் ஒடிந்த நாற்காலிகள். இவற்றுக்கு நடுவே ஒரு கடையில் மட்டும் தரையிலிருந்து கூரை வரை ஆம்ப்ளிஃபயர்கள். சான்சுயி, பயனியர், மராண்ட்ஸ், அகாய், டெக்னிக்ஸ் என்று ஒரு காலத்தில் வீட்டுக்கு வந்தவர்களின் வாயைப் பிளக்க வைத்த பெயர்கள் தூசி போர்த்திக் கிடக்கின்றன.

கடைக்காரர் ஒரு வெள்ளி முகப்புப் பெட்டியின் சுவிட்சைத் தட்டுகிறார். நீல வெளிச்சம் பரவுகிறது. மீட்டரின் முள் துள்ளுகிறது. “எடுத்துக்கொள்ளுங்கள், அண்ணா” என்கிறார். தென்னிந்திய முகத்தைக் கண்டதும் மும்பை வியாபாரிகளின் வாயில் தானாக வரும் ‘அண்ணா’ அது. அண்ணா அசையவில்லை. சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த சீட்டை எடுத்துப் பிரிக்கிறார். அதில் மூன்றே வரிகள்: ‘8 ஓம். 86 டெசிபல். அறை 10க்கு 12 அடி.’

மாட்டுங்காவில் வசிக்கும் அவர் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர். அப்பா விட்டுச் சென்ற கர்நாடக இசை எல்பிக்கள் இரண்டு பெட்டி நிறைய இருக்கின்றன. எட்டு வருடங்களாக அவை ஊமை. அதற்கு முன் இதே தெருவில் ஒரு ஜப்பானியப் பெட்டியின் நீல விளக்கில் மயங்கி வாங்கினார். வீட்டிலிருந்த ஜோடியோடு, தெரிந்தவர் கொடுத்த இன்னொரு ஜோடி ஸ்பீக்கரையும் சேர்த்து மாட்டினார். மூன்றாம் நாள் மாலை புகை வந்தது. “பாட்டு வந்ததைவிடப் புகைதான் தெளிவாக வந்தது” என்று இப்போது சிரிக்கிறார். அன்று சிரிக்கவில்லை. மூன்று மாதப் பென்ஷனில் மிச்சம் பிடித்த பணம் அது.

‘சோர்’ என்றால் திருடன். இரைச்சல் என்று பொருள்படும் ‘ஷோர்’தான் வெள்ளைக்காரர் நாக்கில் ‘சோர்’ ஆனது என்று இங்கே சொல்லிக்கொள்கிறார்கள். ஸ்டீரியோ வாங்க வருகிறவருக்கு இரண்டு பெயருமே பொருந்தும். கடைகள் பல வெள்ளிக்கிழமை மூடிக்கிடக்க, அன்று தெருவோரத்தில் ஜும்மா பஜார் விரிகிறது. மூட்டை மூட்டையாகக் கொட்டப்படும் பழைய சாமான்களில் அதிர்ஷ்டசாலிக்கு ஒரு நல்ல ரெக்கார்டு பிளேயர் கிடைக்கலாம். பக்கத்து பேண்டி பஜாரில் 16.5 ஏக்கரில் மறுசீரமைப்புத் திட்டம் நடக்கிறது. பழைய சால்கள் இருந்த இடத்தில் கோபுரக் கட்டடங்கள் எழுகின்றன. அந்த நிழல் ஒருநாள் தங்கள் மேலும் விழும் என்பது மட்டன் தெருக்காரர்களுக்குத் தெரியும்.

இந்தப் பெட்டிகள் இங்கே வந்த கதை இந்தியாவின் கதையும்கூட. லைசென்ஸ் ராஜ்ய காலத்தில் வெளிநாட்டு ஸ்டீரியோ என்பது கடையில் வாங்கும் பொருள் அல்ல. உறவினர் கொண்டுவரும் பொருள். எழுபதுகளில் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்களும் கப்பல் ஊழியர்களும் சுங்க அதிகாரியின் பார்வையைத் தாண்டிக் கொண்டுவந்தார்கள். மற்றவர்களுக்கு உள்நாட்டுத் தயாரிப்புகள் துணை நின்றன. கொல்கத்தாவின் சோனோடைன் அவற்றில் ஒன்று. 1991-க்குப் பின் கதவு திறந்தது. சிடி வந்தது, ஹோம் தியேட்டர் வந்தது, பிறகு பாட்டு செல்போனுக்குள் புகுந்துகொண்டது. வரவேற்பறையின் ராஜா பழைய சாமான்காரரின் தள்ளுவண்டியில் ஏறினார்.

இப்போது காற்று திரும்பியிருக்கிறது. அமெரிக்காவில் 2020-ல் எல்பி விற்பனை வருவாய், 1986-க்குப் பின் முதல்முறையாக சிடியை முந்தியது. இங்கும் இளைஞர்கள் இசைத்தட்டுகளைத் தேடுகிறார்கள். இசைத்தட்டின் ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் சிக்னல்தான். அதைப் பெருக்கி, தட்டில் பதியும்போது குறைத்த கீழ் ஸ்தாயியை மீண்டும் கூட்டித் தர ‘போனோ’ என்ற தனி வழி வேண்டும். பழைய ஆம்ப்ளிஃபயர்களில் அது கூடவே இருக்கும். இன்றைய பல பெட்டிகளில் இல்லை. மட்டன் தெருவில் விலை ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால், விலை அல்ல பிரச்னை, பொருத்தம். ஆம்ப்ளிஃபயரை முதலில் பிடித்து, பிறகு ஸ்பீக்கரைத் தேடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. அறையில் ஒலிப்பது ஸ்பீக்கர். வரன் தேடுவது அதற்குத்தான்.

முதல் பொருத்தம் ஓம். மின்சாரத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடையின் அளவு அது. எட்டு ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டை ஒரே இணைப்பில் பக்கம் பக்கமாக மாட்டினால் ஆம்ப்ளிஃபயருக்குத் தெரிவது நான்கு ஓம். நான்கு ஓம் இரண்டு என்றால் இரண்டே ஓம். தடை குறையக் குறைய மின்னோட்டம் கூடும், சூடு கூடும். மாட்டுங்காவில் புகை வந்தது இதனால்தான். அந்தப் பெட்டியின் பின்புறத்தில் ‘இரண்டு ஜோடி என்றால் ஒவ்வொன்றும் குறைந்தது எட்டு ஓம்’ என்று அச்சிட்டே இருந்தது. இரவல் ஜோடி நான்கு ஓம். பின்புறத்தை யார் படிக்கிறார்கள்?

இரண்டாவது, டெசிபல். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தருகிறது என்பது. மூன்று டெசிபல் கூடுதலாக வேண்டுமானால் வாட்டை இரட்டிப்பாக்க வேண்டும். பிபிசி வடிவமைத்த புகழ்பெற்ற எல்எஸ்3/5ஏ போன்ற சின்ன ஸ்பீக்கர்களின் அளவு 82, 83 டெசிபல்தான். அவற்றுக்குத் தெம்புள்ள துணை வேண்டும். நூறு டெசிபலைத் தாண்டும் கிளிப்ஷ்ஹார்ன் போன்றவற்றுக்கு ஐந்து வாட்டே தாராளம். சீட்டில் இருக்கும் 86 டெசிபல் ஸ்பீக்கருக்கு 30 வாட் கொடுத்தால் ஏறத்தாழ 100 டெசிபல் வரும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் அது பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டும் சத்தம். 150 வாட் எதற்கு?

அந்த வாட் கணக்கையும் அப்படியே நம்ப முடியாது. அமெரிக்காவில் விளம்பரக்காரர்கள் வாட்டை இஷ்டத்துக்கு ஊதியதால், 1974-ல் அரசின் வர்த்தக ஆணையம் அளக்கும் முறைக்கே விதி போட வேண்டியிருந்தது. இந்தியாவில் தொண்ணூறுகளில் உள்ளங்கை அகல ஸ்பீக்கர் மேல்கூட ஆயிரக்கணக்கான ‘பிஎம்பிஓ’ வாட் என்று ஸ்டிக்கர் மின்னியது. ஆனால், சின்ன ஆம்ப்ளிஃபயர் எப்போதும் பத்திரம் என்றும் சொல்ல முடியாது. சக்திக்கு மேல் திருகினால் ஒலி அலையின் தலை வெட்டுப்படும்; முதலில் கருகுவது உச்ச ஒலிக்கான ட்வீட்டர்.

கடையில் இன்னொரு கண்ணி இருக்கிறது. பெட்டிகளைச் சோதித்துக் காட்ட வைத்திருக்கும் ஸ்பீக்கர்கள் ஆளுயரம். எந்த ஆம்ப்ளிஃபயரை மாட்டினாலும் அவை முழங்கும். சீட்டுக்காரர் மூலையில் கிடந்த ஒரு சிறிய எட்டு ஓம் ஜோடியை மாட்டச் சொல்கிறார். கடைக்காரரின் முகம் கொஞ்சம் சுருங்குகிறது. “அண்ணா படித்துவிட்டு வந்திருக்கிறார்” என்று பையனிடம் சொல்கிறார்.

படித்துக் கொடுத்தவர் லாமிங்டன் சாலையில் இருக்கிறார். கிராண்ட் ரோடு ஸ்டேஷனை ஒட்டிய மின்னணுச் சந்தை அது. டாக்டர் பட்கம்கர் பெயர் வைத்த பிறகும், 1903-ல் பம்பாய் கவர்னராக வந்த லாமிங்டன் பிரபுவை மக்கள் விடவில்லை. ஒரு சந்தின் பரண் அறையில், சால்டரிங் அயர்ன் புகைக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்குக் கண்ணாடி தடித்துவிட்டது. கை நடுங்கவில்லை.

அவருடைய பாடம் எளிது. பின்புறத்தில் எத்தனை வோல்ட் என்று பார். ஜப்பானில் விற்றது 100 வோல்ட், அமெரிக்காவில் விற்றது 120. நம் 230-ல் நேராகச் செருகினால் கதை முடிந்தது. அரை மணி நேரம் ஓடவிட்டு, பாட்டு இல்லாதபோது ஸ்பீக்கர் முனைகளில் மீட்டர் வை. சில பத்து மில்லிவோல்ட்டுக்கு மேல் நேர் மின்சாரம் காட்டினால் கும்பிட்டுவிட்டு வா. குமிழைத் திருகும்போது கரகரத்தால் பயப்படாதே, துடைத்தால் போகும். ஸ்பீக்கர் கூம்பின் விளிம்பைத் தொட்டுப் பார்; நுரை ரப்பர் இந்தக் கடற்காற்றில் பொடியாகியிருக்கும். ரெக்கார்டு பிளேயர் அமெரிக்காவின் 60 சைக்கிள் மின்சாரத்துக்குச் செய்ததா என்று கேள். பழைய மோட்டார்கள் பல நம் 50 சைக்கிளில் மெதுவாகச் சுற்றும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டைக்கு இறங்கிவிடுவார்.

பழுது பார்க்க உதிரி பாகம்தான் கஷ்டம். ஒரிஜினல் பெயர் அச்சிட்ட போலி டிரான்சிஸ்டர்கள் சந்தையில் ஏராளம். செத்த பெட்டிகளை வாங்கி உறுப்புகளை எடுத்து வைத்திருக்கிறார். “பெட்டிக்கு மாற்று உறுப்பு இருக்கிறது. எனக்குத்தான் இல்லை” என்கிறார். மகன்கள் இருவரும் செல்போன் கடைக்குப் போய்விட்டார்கள்.

மட்டன் தெருவில் பேரம் முடிகிறது. நீல விளக்குப் பெட்டி அங்கேயே மின்னிக்கொண்டிருக்கிறது. டாக்சியில் ஏறுவது முப்பது வாட்டுக்காரர். முகப்பில் கீறல், ஒரு குமிழ் வேறு நிறம். சொன்ன விலை 18,000, கொடுத்தது 13,000.

அன்று மாலை மாட்டுங்காவில் தட்டு சுழல்கிறது. பாட்டு வருகிறது. ஆனால், ஏதோ மெலிந்து, எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் ஒலிக்கிறது. அவர் முகம் வாடுகிறது. பிறகு நினைவு வந்தவராக எழுந்து, ஒரு ஸ்பீக்கரின் சிவப்பு, கறுப்பு ஒயர்களைப் பார்க்கிறார். இடம் மாறியிருக்கின்றன. ஒரு கூம்பு முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுத்திருக்கிறது. கீழ் ஸ்தாயி ஒன்றையொன்று தின்றுவிட்டது. ஆம்ப்ளிஃபயரை அணைத்து ஒயரை மாற்றி மறுபடியும் ஊசியை வைக்கிறார்.

இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில், சுவர் இருக்கும் இடத்தில், மிருதங்கத்தின் தொப்பி விழுகிறது. சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்க்கிறார். “அப்பாவோட பாட்டா?” என்கிறார். பதில் சொல்லாமல் அவர் தரையில் உட்கார்ந்துகொள்கிறார்.