அவர் நன்மை எடுத்தவரோ?

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய எங்கள் தெருவில் சைவர்களும் கத்தோலிக்கர்களும் மெதடிஸ்தரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தோம். பக்கத்து வீட்டு அன்ரி ஞாயிறு காலையில் ஒன்றும் உண்ணாமலே கோயிலுக்குப் போவார். காரணம் கேட்டால், "நன்மை எடுக்கவேணும், தம்பி" என்பார்.

நற்கருணையைத்தான் எம்மூர்க் கத்தோலிக்கர் நன்மை என்பார்கள். மெதடிஸ்தருக்கு அது திருவிருந்து. இயேசு கொல்லப்படுவதற்கு முந்திய இரவில் அப்பத்தைப் பிட்டுச் சீடரோடு பகிர்ந்ததே இரண்டுக்கும் மூலம். அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலாகவும் இரத்தமாகவும் மாறுகின்றன என்பது கத்தோலிக்க நம்பிக்கை. ஒல்லாந்தர் கத்தோலிக்கப் பூசையைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்த ஜோசப் வாஸ் அடிகள் இரவிரவாக மறைவில் வழங்கியதும் இதையே. பிடிபட்டால் தண்டனை என்று தெரிந்தும் மக்கள் கூடினார்கள். ஒரு துண்டு அப்பத்துக்காக இவ்வளவு துணிவா என்று நான் வியந்ததுண்டு.

விடை 2005 நத்தாரில் கிடைத்தது. அந்நாளில் மட்டக்களப்பும் திருகோணமலையும் ஒரே மறைமாவட்டம்; 2012இல்தான் பிரிந்தன. மட்டக்களப்பு மரியாள் பேராலயத்தில் ஆயர் கிங்ஸ்லி சுவாம்பிள்ளை நிறைவேற்றிய நள்ளிரவுப் பூசையில், நற்கருணை பெற்ற சற்று நேரத்தில் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய மனைவியும் காயமடைந்தார். குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் 2021 ஜனவரியில் விடுவிக்கப்பட்டார்கள்.

அன்று அச்செய்தியை எழுதியவர்களுள் நானும் ஒருவன். இடம் போதவில்லை. "நற்கருணை பெற்றபின்" என்ற சொற்களை நானே வெட்டினேன். யார், எங்கே, எப்போது என்பவை இருந்தால் போதும் என்பது தொழிற்பழக்கம்.

மறுநாள் அன்ரியைக் கண்டேன். சுட்டது யார் என்று அவர் கேட்கவில்லை.

"தம்பி, அவர் நன்மை எடுத்தவரோ?"

"ஓம் அன்ரி, எடுத்தவர்."

சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டார். "அப்ப வெறுங்கையோட போகேல்லை" என்றார்.

மரணத்தறுவாயில் இருப்பவருக்குக் கொடுக்கும் நற்கருணையைத் திருச்சபை வழியுணவு என்று அழைப்பதைப் பின்னர் அறிந்தேன். நம் வழக்கில் சொன்னால் கட்டுச்சோறு. நீண்ட வழி போகிறவனை வெறுங்கையோடு அனுப்பாத தாய்மனம் அது. அந்த நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனால் அதன் பொருள் அன்று விளங்கியது.

அன்ரிக்கு முதன்மையாக இருந்த செய்தியைத்தான் நான் இடம் போதாதென்று வெட்டியிருந்தேன். இருபது ஆண்டுகள் கழித்து அதை இங்கே சேர்த்துவிடுகிறேன்.