அடுக்குக் கேக்கும் மூங்கில் குச்சிகளும்

பருப்புத் தேங்காய் பிடிப்பதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. இதைத் தற்பெருமை என்று யாராவது நினைத்தால் நினைத்துக் கொள்ளட்டும். சதுரங்கப்பட்டினத்தில் எங்கள் தெருவில் நாற்பது வருஷமாக நடந்த கல்யாணங்களில் பாதிக்கு மேல் என் கைப் பருப்புத் தேங்காய்தான் மணைக்கு முன்னால் ஜோடியாக நின்றிருக்கிறது. அப்பேர்ப்பட்ட என்னிடம் சென்ற சித்திரை மாதம் என் பேத்தி வந்து, "பாட்டி, என் கல்யாண வரவேற்புக்கு மூன்று அடுக்குக் கேக் செய்யப் போகிறேன். வீட்டிலேயே, என் கையாலேயே. நீ கூட இருக்க வேண்டும்" என்றாள். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

கல்யாண விஷயத்தைச் சொல்லாமல் கேக்கு விஷயத்தைச் சொல்ல முடியாது. பையன் தூத்துக்குடிக் கிறிஸ்தவக் குடும்பத்தைச் சேர்ந்தவன். பேத்தியும் அவனும் ஒரே காரியாலயத்தில் வேலை பார்க்கிறார்கள். நல்ல பையன். என் பிள்ளையும் நாட்டுப்பெண்ணும் இரண்டு வருஷம் யோசித்துச் சம்மதித்து விட்டார்கள். என் அகத்துக்காரர் மட்டும் 'சரி' என்றும் சொல்லவில்லை. 'கூடாது' என்றும் சொல்லவில்லை. பேத்தி கூடத்துக்குள் வந்தால் பத்திரிகையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக் கொள்வார், அவ்வளவுதான். இத்தனைக்கும் தகப்பனார் காலத்திலிருந்து கதர் தவிர வேறு உடுத்தாத குடும்பம். ஜாதி மத பேதம் ஒழிய வேண்டும் என்று இவர் காந்தி ஜயந்தி தோறும் மேடையேறிப் பேசியதை நான் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். பேசின விஷயம் சொந்த வீட்டு வாசற்படி ஏறி வந்தபோதுதான் பத்திரிகை உயர்ந்து விட்டது.

கல்யாணத்தைப் பற்றி வாய் திறக்கத் தைரியமில்லாத பந்துக்களுக்குக் கேக்கு வசமாக அகப்பட்டது. "நம் அகத்தில் கேக்காவது!" என்றார் ஒருவர். "முட்டை போடுவார்களாமே!" என்றார் இன்னொருவர். கடையில் சொன்னால் வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகிறார்கள், இவளுக்கு ஏன் இந்தப் பிரயாசை என்று நானே கேட்டேன். அதற்கு அவள் சொன்ன பதில் என் வாயை அடைத்து விட்டது. பையனுக்குத் தாயார் இல்லை. அந்த அம்மாள் இருந்த நாளில் பந்துக்களின் கல்யாணங்களுக்கெல்லாம் வீட்டிலேயே அடுக்குக் கேக் செய்து கொடுப்பாளாம். "என் கல்யாணத்துக்கும் அம்மாவே செய்வாள் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன்" என்று ஒரு நாள் பேச்சு வாக்கில் சொன்னானாம். அதற்கு மேல் நான் என்ன கேட்பது?

கேக்கு ஒன்றும் நமக்கு அவ்வளவு அந்நியமல்ல. தலைச்சேரியில் மாம்பள்ளி பாபு என்பவர் 1883-ஆம் வருஷத்திலேயே ஒரு துரை கொடுத்த மாதிரியைப் பார்த்துக் கிறிஸ்துமஸ் கேக் செய்து காட்டியவர். எங்கள் ஊருக்கு நம் நெசவாளரின் துணியை நாடி வந்த டச்சுக்காரர்கள் இலங்கைக்கும் போனார்கள். அங்கே அவர்கள் சந்ததியார் 'ப்ரூடர்' என்று ஒரு வகைக் கேக்கை இன்றைக்கும் செய்கிறார்கள். எங்களுக்கு விட்டுப் போனது என்னவோ ஒரு செங்கற் கோட்டையும் அதற்குள் சில கல்லறைகளுந்தான்.

இதையெல்லாம் ஒரு நாள் கூடத்தில் பேத்தியிடம் உரக்கவே சொல்லிக் கொண்டிருந்தேன். அடுக்குக் கேக் என்பதே சீமையில்கூட ரொம்பப் பழைய சம்பிரதாயம் அல்ல. முதலில் கீழ் அடுக்குத்தான் கேக்கு, மேலே இருப்பதெல்லாம் சர்க்கரைப் பொம்மை வேலை. 1882-ல் லியோபோல்ட் இளவரசர் கல்யாணத்தில்தான் எல்லா அடுக்கும் நிஜக் கேக்காக வந்தது என்று சொல்வார்கள் என்றேன். பிறகு, "1947-ல் எலிஸபெத் ராணியின் கல்யாணக் கேக்கு நாலு அடுக்கு, ஒன்பது அடி உயரம்" என்று ஆரம்பித்தேன்.

"அப்போது ராணி இல்லை, இளவரசி" என்று பத்திரிகைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

நானும் பேத்தியும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொண்டோம்.

"நவம்பர் 20-ந் தேதி" என்று குரல் தொடர்ந்தது. "அங்கே ரேஷன் காலம். ஆஸ்திரேலியாவிலிருந்து பெண் சாரணர்கள் சாமான் அனுப்பினார்கள். காந்திஜி தம் கையால் நூற்ற நூலில் 'ஜெய் ஹிந்த்' என்று பின்னிய துணியைப் பரிசாக அனுப்பினார். அதையும் சொல்லு."

பத்திரிகை இறங்கவில்லை. ஆனாலும் ஆறு மாதத்தில் பேத்தி இருக்கும்போது அவர் பேசிய முதல் பேச்சு அது.

ஒத்திகையாக முதலில் இரண்டு அடுக்குச் செய்து பார்த்தோம். கீழே 10 அங்குலம், மேலே 8 அங்குலம். முட்டைக்குப் பதிலாகக் கெட்டிப் பாலும் தயிரும் சேர்த்து வேகவைத்தாள். ஒரு ராத்திரி முழுதும் ஆறவிட்டு, மேலே உப்பியிருந்த பாகத்தை நூலை வைத்து இழுத்து அறுத்துச் சமப்படுத்தினோம். இந்த நூல் யோசனை என்னுடையது. கத்தி போட்டால் பிசிறு தட்டுகிறது. பிறகு வெண்ணெயும் பொடித்த சர்க்கரையும் குழைத்த பூச்சு. அதை இரண்டு தடவை பூச வேண்டும். முதற் பூச்சு மெல்லியதாக, உதிரும் துகளையெல்லாம் பிடித்து வைப்பதற்கு. அது குளிர்ந்து இறுகிய பிறகு கனமான இரண்டாம் பூச்சு. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவர்களுக்குத் தெரிந்த விஷயந்தான்.

சிறிய அடுக்கைத் தூக்கிப் பெரியதன்மேல் வைத்தோம். பார்க்க வெகு லட்சணமாக இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் கீழ் அடுக்கின் வயிறு பிதுங்கியிருந்தது; மேல் அடுக்கு கிழக்கே கடலைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. இன்னும் அரை மணியில் எங்கள் கோட்டை மதில் மாதிரி ஒரு பக்கம் சரிந்தே போயிற்று.

பருப்புத் தேங்காயில் எனக்கு இந்தக் கஷ்டமே கிடையாது. வெல்லப் பாகு கையில் உருட்டிப் போட்டால் தட்டில் 'டண்' என்று சத்தம் கேட்க வேண்டும். அந்தப் பதத்தில் கடலையைக் கொட்டிக் கிளறி, நெய் தடவிய கூட்டில் சூட்டோடு சூடாக அடைத்துவிட்டால் கல் மாதிரி நிற்கும். அடி அகலம், நுனி கூர்மை. பாரமெல்லாம் தானாகவே இறங்கித் தரைக்குப் போய்விடுகிறது. படிப்படியான கேக்கில் அப்படி இல்லை. மிருதுவான ஒன்றின் தலைமேல் மிருதுவான இன்னொன்றை ஏற்றுகிறோம்.

அன்று ராத்திரி பேத்தி கிணற்றடியில் உட்கார்ந்து அழுதாள். "வேண்டாம் பாட்டி, கடையிலேயே சொல்லிவிடலாம்" என்றாள். அழுதது கேக்குக்காக மட்டும் அல்ல என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் காப்பி கொண்டு போனபோது அகத்துக்காரர் திண்ணையில் உட்கார்ந்து மூங்கில் பிளந்து கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய பழைய அளவுகோல். அவர் ஓவர்சீயர் உத்தியோகம் பார்த்து ரிடையர் ஆனவர். ஆயுள் முழுதும் மதகும் பாலமும் கட்டினவர்.

"உன் பேத்தியிடம் சொல்லு" என்றார். உன் பேத்தி மூன்றடி தூரத்தில் கதவோரம் நின்று கொண்டிருந்தாள். "பாரத்தைக் கேக்குத் தாங்கக் கூடாது, தூண் தாங்க வேண்டும். மேல் அடுக்கை ஓர் அட்டையின்மேல் வைக்க வேண்டும். அந்த அட்டை கீழ் அடுக்கில் நட்ட குச்சிகளின்மேல் உட்கார வேண்டும். கேக்கைத் தொட்டால் தொடட்டும்; அழுத்தக் கூடாது."

"எத்தனை குச்சி என்று கேளு பாட்டி" என்றாள் அவள்.

"கீழ் அடுக்குக்கு ஆறு. நடு அடுக்குக்கு நாலு போதும். மேலே இருப்பது ஒரு கிலோத்தானே? மேல் அட்டையின் விளிம்புக்குச் சற்று உள்ளே வட்டமாக நட வேண்டும். ஒன்று ஒரு நூல் உயர்ந்தாலும் அட்டை சாயும். மற்றவை சும்மா நிற்கும். ஆகையால் கேக்கை ஒரே இடத்தில் அளந்து, எல்லாவற்றையும் அதே அளவுக்கு அறுக்க வேண்டும்."

"கோலாட்டக் குச்சி இருக்கிறதே, ஆகாதா?" என்று நான் கேட்டு வைத்தேன். அவர் சிரித்து விட்டார். அந்தக் குச்சியில் பூசின சாயம் கேக்கில் இறங்கும் என்றார். மூங்கிலை வெந்நீரில் கொதிக்கவிட்டு, வெயிலில் காயவைத்து, அவரே பத்தும் அறுத்துக் கொடுத்தார். நுனியெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தது.

வரவேற்பு வைகாசியில், எங்கள் வீட்டுத் தோட்டத்தில். வெண்ணெய் 32 டிகிரி உஷ்ணத்திலேயே இளக ஆரம்பிக்கும் சமாசாரம்; வைகாசி மத்தியானத்தில் எங்கள் ஊரில் அதற்கு மேலேயே அடிக்கிறது. ஆகவே அடுக்குகளைத் தனித்தனியே குளிர்ப் பெட்டியில் வைத்து, சாயங்காலம் கடற்காற்று வந்த பிறகு மேஜையிலேயே ஏற்றுவது என்று ஏற்பாடு. அன்று பார்த்துப் பகல் பன்னிரண்டு மணிக்கு வீட்டு ஃப்யூஸ் போயிற்று. கூப்பிடு தூரத்தில் கல்பாக்கம்; அங்கே 1983-லேயே அணு உலை இயங்கத் தொடங்கி விட்டது. எங்கள் வீட்டுக் கம்பியோ என் மாமனார் காலத்தது, குற்றம் எங்களுடையதுதான். சதுரங்கப்பட்டினம் குப்பத்திலிருந்து என் பிள்ளையின் சிநேகிதர் மூன்று புதுத் தெர்மோகோல் பெட்டிகளும், கடலுக்குப் போகிறவர்கள் கொண்டு போகும் ஐஸ் கட்டியும் கொண்டு வந்து கொடுத்திராவிட்டால் இந்தக் கட்டுரையே இல்லை. மடி ஆசாரம் பார்க்கும் என் ஓரகத்திகூட அன்றைக்கு, "ஐஸ் என்பது ஜலந்தானே!" என்று சொல்லி விட்டாள்.

ஐந்தரை மணிக்கு அடுக்கினோம். மேஜையில் ஒரு வெள்ளைக் கதர்த் துணி விரித்திருந்தது. யார் எடுத்துக் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. அலங்காரம் என் பங்கு. பூச்சைக் கூம்புக் காகிதத்தில் அடைத்துப் பிழிந்து, மூன்று அடுக்கைச் சுற்றியும் இழைக்கோலம் போட்டேன். மாக்கோலம் போடும் அதே நிதானந்தான். கையை நகர்த்தாமல் கேக்கைச் சுழற்றப் பழகிக்கொள்ள வேண்டும். மேலே மருந்து தெளிக்காத வீட்டு ரோஜா இதழ். யாரோ ஒரு பெண் அழகாக இருக்கிறதென்று அரளிப் பூவைக் கொண்டு வந்தாள், பிடுங்கி எறிந்தேன். அரளி விஷம். தின்கிற பண்டத்தின்மேல் அது படவே கூடாது.

கேக்கு ஓர் அணுவும் அசையவில்லை. பக்கத்தில் என் பருப்புத் தேங்காய் ஜோடியும் நின்றது. பையன் மேஜைக்கு முன்னால் வந்து நின்றவன், வெகு நேரம் ஒன்றும் பேசாமல் பார்த்துக் கொண்டிருந்தான். பேத்தி அவன் கையில் கத்தியைக் கொடுத்தாள்.

வெட்டிப் பரிமாற ஆரம்பித்ததும் அகத்துக்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. குழந்தைகள் யாராவது குச்சியைக் கடித்து விடப் போகிறார்களே என்ற கவலை. பந்தியெல்லாம் சுற்றி வந்தார். கையில் ஒன்பதுதான் சேர்ந்தது. நேரே பையனிடம் போய்க் கையை நீட்டினார்.

"மாப்பிள்ளை, இன்னும் ஒன்று வர வேண்டும். உங்கள் தட்டில் இருக்கிறதா பாருங்கள்."

பையன் தட்டைக் கிளறிப் பார்த்தான்.

"இதோ இருக்கிறது, தாத்தா" என்றான்.