மகனை ஊரிலேயே நிறுத்திய பீர் ஆலை!

பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸிலிருந்து தூர்னே நகரத்துக்குப் போகும் ரயிலில் ஏறினால், சுமார் ஒரு மணி நேரத்தில் லோஸ் என்ற சிற்றூர் வரும். பிரெஞ்சு பேசும் எனோ மாகாணம் இது. ஊரைத் தாண்டினால் கோதுமை, பார்லி வயல்கள், மேயும் மாடுகள், செங்கல் வீடுகள். இந்த வயல்களுக்கு நடுவேதான் தூர்ப், பிபே என்று இரண்டு கிராமங்கள் இருக்கின்றன. இரண்டுமே சின்ன ஊர்கள். ஆனால், பீர் பிரியர்கள் உலகின் பல மூலைகளிலிருந்தும் இங்கே தேடி வருகிறார்கள். காரணம், 'செசோன்'.

செசோன் என்றால் பிரெஞ்சில் பருவம். குளிர்சாதன வசதி இல்லாத காலத்தில் கோடையில் பீர் தயாரித்தால் சீக்கிரமே புளித்துக் கெட்டுவிடும். அதனால், பண்ணைக்காரர்கள் குளிர்காலத்திலேயே தயாரித்துப் பத்திரப்படுத்திவிடுவார்கள். கோடையில் வயல் வேலைக்கு வரும் ஆட்களின் தாகத்துக்கு அதுதான். வயலில் வேலை இல்லாத குளிர்கால மாதங்களில் பண்ணையாட்களுக்கு இதனால் பிழைப்பும் கிடைத்தது. வடித்தபின் மிஞ்சும் பார்லிச் சக்கை மாடுகளுக்குத் தீவனம். ஒன்றும் வீணாகாது!

தூர்ப் கிராமத்தில் இருக்கும் துபோன் ஆலையின் கதை 1844-ல் ஒரு பண்ணையில் ஆரம்பிக்கிறது. 1920-ல் அதை ஆல்ஃப்ரெட் துபோன் என்பவர் வாங்கினார். வியாபார ஆசை மட்டும் காரணமல்ல. அவருடைய மகன் லூயி, கனடாவுக்குப் போய் விவசாயம் செய்யத் துடித்துக்கொண்டிருந்தார். கப்பலேறிவிட்டால் மறுபடி எப்போது பார்ப்பதோ என்ற கவலை அப்பாவுக்கு. 'பண்ணைதானே வேண்டும்? இதோ' என்று பீர் ஆலையோடு சேர்த்தே வாங்கிக் கையில் கொடுத்துவிட்டார். லூயி கனடாவை மறந்து அங்கேயே தங்கிவிட்டார். 1964-ல் பொறுப்பு உறவினரான சில்வா ரோசியரிடம் போனது. இன்றும் ஆலை அதே குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது.

பண்ணைக் கிணற்றுத் தண்ணீர்தான் இங்கே இன்றும் பயன்படுகிறது. கொப்பரைக்கு அடியில் நேரடியாகத் தீ மூட்டிக் காய்ச்சுகிறார்கள். ஈஸ்ட் விஷயத்திலும் ஓர் அதிசயம் உண்டு. பெரும்பாலான பீர் ஈஸ்ட்டுகளுக்குக் குளுமை வேண்டும். இந்த ஈஸ்ட்டோ 30 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பத்திலும் உற்சாகமாக வேலை செய்யும். சர்க்கரையைக் கிட்டத்தட்ட முழுவதுமாகத் தின்று தீர்த்துவிடுவதால் பீரில் தித்திப்பு மிஞ்சாது. லேசான மிளகு வாசனையும், பழ மணமும், பொங்கும் நுரையும்தான் மிஞ்சும். ஷாம்பெயின் போலத் தடித்த பாட்டிலில் தக்கை அடைத்து, படுக்கை வாட்டில் அடுக்கி வைக்கிறார்கள். பாட்டிலுக்குள்ளேயே இன்னொரு முறை நொதிக்கிறது. ஆல்கஹால் அளவு 6.5 சதவிகிதம்.

இவ்வளவு இருந்தும், ஒரு காலத்தில் செசோன் என்ற ரகமே மறைந்துபோகும் நிலை வந்தது. வயல்களுக்கு இயந்திரங்கள் வந்தன, ஆட்கள் குறைந்தார்கள். தொழிற்சாலைகளில் தயாரான வெளிர் மஞ்சள் பீர் எல்லா இடங்களையும் பிடித்துக்கொண்டது. கிராமத்து ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. அப்போது இதன் அருமையை ஊர் ஊராக எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர், பிரிட்டிஷ் பீர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் (பாடகர் அல்ல, இவர் வேறு!). 1980-களில் துபோன் பாட்டில்கள் அமெரிக்காவுக்குப் போக ஆரம்பித்தன. அங்கே சின்னச் சின்ன ஆலைகள் அதைச் சுவைத்துப் பார்த்துவிட்டுத் தாங்களும் செசோன் தயாரிக்க இறங்கின. சொந்த ஊரில் மங்கிய விளக்கு கடல் தாண்டிப் பிரகாசமானது.

பக்கத்துக் கிராமமான பிபேயில் இருப்பது இன்னும் சின்ன ஆலை. பெயரே 'நீராவி பீர் ஆலை'. 1785-ல் தொடங்கியது. 1984-ல் மூடுவிழாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த இதை ஜான்-லூயி தீத்ஸ் தம்பதி வாங்கிக் காப்பாற்றினார்கள். பழைய நீராவி எந்திரத்தைக் காட்சிப்பொருளாக்காமல், அதைக்கொண்டே பீர் தயாரித்தார்கள். பெல்ட்டுகளும் பல்சக்கரங்களும் சுழல, கலவைத் தொட்டி கிளறப்படுவதை வேடிக்கை பார்க்கலாம். இவர்களின் செசோனில் மிளகு, இஞ்சி, ஆரஞ்சுத் தோல், அன்னாசிப்பூ எல்லாம் சேர்கின்றன. பட்டியலைக் கேட்டால் நம் வீட்டுச் சமையலறை அலமாரி ஞாபகத்துக்கு வரும்!

பெல்ஜியத்தின் பீர் கலாசாரத்தை 2016-ல் யுனெஸ்கோ, மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகள் பட்டியலில் சேர்த்தது. அந்த மரபு பெரிய நகரங்களில் மட்டும் இல்லை என்பதற்கு இந்த இரண்டு கிராமங்களே சாட்சி.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்: பிபேயில் மாதத்தின் கடைசி சனிக்கிழமை எந்திரத்தை ஓட்டி பீர் தயாரிப்பது வழக்கம். கிளம்பும் முன் விசாரித்துக்கொள்வது நல்லது. பீர் வேண்டாம் என்பவர்களுக்குத் துபோன் பண்ணையின் பாலாடைக்கட்டி இருக்கிறது. இன்னும் கொஞ்ச தூரம் போனால் தூர்னேயில் ஐந்து கோபுரங்களோடு நிற்கும் பழம்பெரும் தேவாலயத்தைப் பார்த்துவிட்டு வரலாம். கிராமங்களுக்குச் சைக்கிளிலும் போகலாம், காரிலும் போகலாம். ஆனால் ஸ்டியரிங் பிடிப்பவர் அன்றைக்குப் பாலாடைக்கட்டியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.