தாளில் விட்ட வெண்மை

பயணத்தின்போது நீர்வண்ணப் பெட்டியை உடன் கொண்டு செல்வது என் நெடுநாள் வழக்கம். 1792-இல் தென்னாட்டில் பயணம் புறப்பட்ட தாமஸ் டேனியலும், அவர்தம் சகோதரர் மகன் வில்லியமும் இவ்வாறு இயற்கைக் காட்சிகளை நேரில் கண்டு வரைந்தவர்களே. பாபநாசம் அருவியும் அவற்றுள் ஒன்று.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு தை மாதம். நடமாட இயலாதிருந்த என் அத்தா, "நம் வயலை ஒருமுறை பார்க்க வேண்டுமப்பா" என்றார்கள். சுப்ஹுத் தொழுகை முடித்து, உத்தமபாளையம் வயல்வெளியில் அமர்ந்தேன். வெயில் ஏறிவிட்டால் வண்ணம் உடனே உலர்ந்து திட்டாகிவிடும். எனவே முதலில் வானம், பின்னர் மலைத்தொடர், இறுதியில் நெற்பயிர் என விரைந்து தீட்டினேன். இக்கலையில் வெண்மைக்கென வண்ணம் பூசுவது மரபன்று. ஒளி வேண்டிய இடத்தில் தாளை அப்படியே விட்டுவிட வேண்டும்.

வீடு திரும்பிப் படத்தைக் காட்டினேன். வெறுமையாக விட்ட அந்தக் கோட்டை அத்தா விரலால் வருடி, "வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடுகிறதே!" என்று மகிழ்ந்தார்கள். 1895-இல் பெரியாறு அணை திறக்கப்பட்டது முதல் இப்பள்ளத்தாக்கை வாழ்விக்கும் நீரல்லவா அது!

அதன்பின் அத்தா வயலைக் காணவேயில்லை. நேயர்களே! உங்கள் இல்லத்துப் பெரியவர்கள் காண ஏங்கும் இடம் எதுவென்று இன்றே கேட்டறியுங்கள்.