ராத்ஸே யாத்திரை

கிளாஸ்கோ

அன்புள்ள நண்பருக்கு,

கிளாஸ்கோ சென்ட்ரல் நிலையத்தில் ரெயிலேறினால் ஒரு மணி நேரத்திற்குள் வீம்ஸ் பே என்னும் கடற்கரை நிலையத்தில் கொண்டுவந்து விட்டுவிடுகிறார்கள். இறங்கியவன் உடனே கப்பலைத் தேடி ஓடாமல், சற்றே நின்று தலையை உயர்த்திப் பார்ப்பானாகில், ஒரு ரெயில்வே நிலையம் இத்தனை சௌந்தரியமாக இருக்கக்கூடுமா என்று பிரமித்துப் போவான். ஜேம்ஸ் மில்லர் என்ற கட்டடக் கலைஞரின் திட்டப்படி 1903-ல் திறக்கப்பட்ட இந்த நிலையத்தில், நடுவே வட்டமாக அமைந்த டிக்கெட் அறையிலிருந்து இரும்பு விட்டங்கள் கண்ணாடிக் கூரையைத் தாங்கியவாறு விரிந்து பரவுகின்றன. கப்பல் துறைக்குச் சரிந்து இறங்கும் நடைபாதையும் வளைந்தே செல்கிறது. திருவிழாக் கூட்டம்போல் ஜனங்கள் வந்து இறங்கினாலும், முட்டாமல் மோதாமல், ஆற்றின் திருப்பத்தில் வெள்ளம் திரும்புவதுபோல் கப்பலை நோக்கித் தாமாகவே திரும்பிவிடுவார்கள்.

அந்தக் காலத்தில் இப்படி வந்து இறங்கிய ஜனங்கள் யார் தெரியுமா? பிரபுக்கள் அல்லர், கிளாஸ்கோவின் கப்பல் பட்டறைகளிலும் ஆலைகளிலும் வருஷம் முழுவதும் புகையைச் சுவாசித்த தொழிலாளர்கள். 1812-ல் ஹென்றி பெல் என்பவர் 'காமெட்' என்ற நீராவிப் படகைக் கிளைட் நதியில் விட்டது முதல் கடற்கரை இவர்களுக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. ஜூலை மாதத்துப் பிற்பாதியில் பட்டறைகள் மூடப்பட்டதும், குழந்தை குட்டிகளோடு நீராவிக் கப்பலேறி 'டூன் த வாட்டர்', அதாவது நதி வழியே கீழ்நோக்கிக் கடற்கரைக்குப் போவது இவர்கள் வழக்கமாயிருந்தது.

இப்போதைய கப்பல் முப்பத்தைந்து நிமிஷத்தில் பியூட் தீவுக்குப் போய்விடுகிறது. கீழே சூடான தேநீர் கிடைக்கிறது. ஆயினும் டோவார்ட் முனையின் கலங்கரை விளக்கத்தைக் காண்பதற்காக மேல்தளத்தில் நின்று குளிர்காற்றில் காது மரத்துப்போவதே உசிதம்.

அத்தீவிலுள்ள ராத்ஸே ஊரின் துறையில் இறங்கியதும் முதலில் கண்ட விசேஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். அது ஒரு பொதுக் கழிப்பிடம்! 1899-ல் துறைமுகத்தார் கட்டியது. தரையில் மொசைக் சித்திரம், சுவரெங்கும் பீங்கான் ஓடு, தண்ணீர் ஏறி இறங்குவது தெரியும்படி கண்ணாடி பதித்த தொட்டிகள், கண்ணாடிபோல் மின்னும் உலோகக் குழாய்கள். ஒரு வாரம் காற்று வாங்க வந்த கூலித் தொழிலாளி கால் வைக்கும் இடத்தை இவ்வளவு சிரத்தையோடு அலங்கரித்தவர்களை எப்படிப் பாராட்டாமல் இருப்பது! 1990-களில் அதைப் புதுப்பித்தபோதுதான் ஸ்திரீகளுக்கும் இடம் செய்தார்களாம். கட்டிய காலத்துப் புத்தி அவ்வளவுதான்.

ஊர் நடுவே அகழி சூழ்ந்த கோட்டை ஒன்று இருக்கிறது. ஸ்காட்லாந்தில் வட்டமான மதிலையுடைய கோட்டை இது ஒன்றே. 1230-ல் நார்வே வீரர்கள், மேலிருந்து கொதிக்கும் கீலை ஊற்றியும் அஞ்சாமல், மதிற்கல்லைக் கோடரியாலேயே வெட்டிப் பிளந்து உள்ளே நுழைந்தார்களாம். ஸ்காட்லாந்தின் பட்டத்து இளவரசர் 1398 முதல் வகிக்கும் 'ராத்ஸே கோமகன்' என்ற பட்டம் இவ்வூர்ப் பெயராலேயே வழங்குகிறது.

ஆனால், கோமகன் பட்டமா ஊருக்குச் சோறு போடும்? 1960-களுக்குப் பிறகு ஸ்பெயின் தேசத்து வெயிலுக்கு மலிவாக விமானம் கிடைத்ததும் கிளாஸ்கோக்காரர்கள் அங்கே பறந்துவிட்டார்கள். கடலைப் பார்த்து நிற்கும் விடுதிகளில் சில சாயம் வெளிறிக் கிடக்கின்றன. கடற்கரைத் தோட்டத்தில், கடலின் தயவால் கடுங்குளிருக்குத் தப்பிய பனைபோன்ற மரங்கள் மட்டும் தளராமல் நிற்கின்றன. இருந்தும் இதைப் பாழடைந்த ஊர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஏழையின் ஓய்வுக்கும் அழகு வேண்டும் என்று கருதிக் கட்டிய ஊர், சாயம் போனாலும் கௌரவம் போகவில்லை.

நீங்கள் இந்தப் பக்கம் வந்தால் எடின்பரோவோடு திரும்பிவிட வேண்டாம். ஒரு பகற்பொழுதை ராத்ஸேக்கு ஒதுக்குங்கள். கம்பளி கட்டாயம், குடையும் கூட.

தங்கள் அன்புள்ள,
நண்பன்